இரண்டு பிரேக்குக்கு ஒரு கொண்டி

2024 மார்ச் பதினான்காம் திகதி, வியாழக்கிழமை. எல்லா நாளையும் போலத்தான் அன்றும் தொடங்கியது. விடிவதற்குச் சற்று முன் எழுந்து, வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, டயரியில் "மூட்டம், காற்று இல்லை" என்று எழுதினேன். பிறகு பிள்ளைக் காம்பிராவுக்கு நடந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளைப் பகலில் விட்டுச்செல்லும் இடம் அது. எங்கள் தோட்டத்துக் காம்பிராவுக்கு இருபது ஆண்டுகளாக நான்தான் பொறுப்பு; தோட்டத்தில் எல்லோருக்கும் நான் டீச்சர். அரைக்கதவின் கொண்டியைத் தூக்கினேன். அடுப்பை மூட்டி வெந்நீர் வைத்தேன். பாய்களை விரித்து, தொட்டில் கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். தாய்மார் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பெரட்டுக்கு ஓடினார்கள். அன்றைய வேலை இன்னின்னாருக்கு இந்த மலையில் என்று பிரித்துக் கொடுக்கும் அந்தக் காலைக் கூட்டத்துக்குப் பிந்தினால் அன்றைய நாளே போய்விடும். அதனால் கொஞ்சுவதற்கெல்லாம் நேரமில்லை. ஒருத்தி மட்டும் திரும்பி வந்து, மறந்துபோன பால்போத்தலைக் கதவின் மேலாக நீட்டிவிட்டு ஓடினாள்.

அந்தக் கொண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு சாண் நீளம், தடித்த இரும்பு, ஒரு முனையில் துளை, மறுமுனையில் வளைவு. ஒரு காலத்தில் பூசிய சிவப்புச் சாயம் வளைவின் உட்புறத்தில் மட்டும் மிச்சமிருக்கிறது. கதவுக்கென்று செய்தது அல்ல அது. எங்கள் தோட்டத்து டிராக்டரின் இரண்டு பிரேக் மிதிகளை ஒன்றாகப் பூட்டுவதற்காகச் செய்தது.

அன்று பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளோடு லிந்துலைக்குப் போகவேண்டியிருந்தது. காம்பிராவை என் உதவியாளிடம் ஒப்படைத்தேன். அவளை எல்லோரும் ஆயா என்று கூப்பிடுகிறார்கள். என்னைவிட இளையவள். இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். பிள்ளைகளுக்கு அந்தக் காலைத் தட்டிச் சத்தம் கேட்பது ஒரு விளையாட்டு. வேலை முடிந்து பகல் பஸ்ஸில் திரும்பினேன். தூறலும் பனியும் சேர்ந்து பாதையை மூடியிருந்தன. நான் இறங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் பஸ் சாரதி திடீரென்று பிரேக் அடித்தார். எல்லோரும் முன்னால் சாய்ந்தோம். "லைட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல, எமன் மாதிரி முன்னால போறான் பாரு" என்று அவர் கத்தினார்.

முன்னால் போனது எங்கள் தோட்டத்து டிராக்டர். பின்னால் கொழுந்து ஏற்றும் டிரெயிலர் பெட்டி. பெட்டியின் பின்பக்கத்தில் விளக்கு இல்லை, ஒளியடிக்கும் முக்கோணம் இல்லை, இலக்கத் தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித்துளைகள்தான் இருந்தன. விளக்குக்குப் பதிலாக ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார்கள். பனியில் சிவப்பும் சாம்பலும் ஒன்றுதான் என்பது இந்த மலையில் பிறந்த எவருக்கும் தெரியும். வெறும் கொழுந்துச் சாக்குகளின் மேல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இடம் போதாமல் இரண்டு பேர் நின்றுகொண்டு, பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தார்கள். காலையில் பால்போத்தலைக் கொடுத்துவிட்டு ஓடியவள் அந்த இரண்டு பேரில் ஒருத்தி. என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு கையைத் தூக்கினாள். ஒரு கையைத்தான் தூக்க முடிந்தது. மற்றக் கையை விட்டால் விழுந்துவிடுவாள்.

பாதை அகன்ற இடத்தில் பஸ் முந்தியது. நான் இடப்பக்க ஜன்னலில் இருந்தேன். டிராக்டரின் வலப்பக்கம் எனக்கு நேர் கீழே வந்தது. சாரதியின் கால் அருகே இரண்டு பிரேக் மிதிகளும் தெரிந்தன. ஒன்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. குலுங்கும்போது ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு ஆடியது. அவற்றைப் பூட்ட வேண்டிய கொண்டி என் காம்பிராக் கதவில் இருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சல் அடங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

முன்பு அந்த டிராக்டரை ஓட்டியவரை நாங்கள் டெக்டர் டிரைவர் என்போம். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். பெயரை எழுதவில்லை, அவருக்கு இப்போது அது தேவையும் இல்லை. அடக்கமான மனிதர் என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள். முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக இருக்கும். மழையிலும் கலையாதபடி தலையில் எண்ணெய். கையில் தங்கநிறக் கடிகாரம், நேரம் சரியாகக் காட்டாது. டிராக்டரின் முன்விளக்கைத் துடைப்பதும் அதே கண்ணாடியில் மீசையை ஒதுக்குவதும் அவருக்கு ஒரே வேலை. நாக்கு மட்டும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. யாரிடமும் தணிந்து பேசியதில்லை. கோயில் கூட்டத்தில், மரண வீட்டில், எங்கும் அவர் குரல்தான் முதலில் கேட்கும். அவருடைய பேத்தியை என்னிடம் விட்டிருந்தார்கள். தினமும் காலையில் கொண்டுவந்து விடுவது அவர்தான். பிள்ளையை இறக்கிவிட்டு, கேட்காமலே டிராக்டரைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்துவிட்டுப் போவார்.

அப்படித்தான் எனக்குப் பிரேக் விஷயம் தெரிந்தது. டிராக்டரின் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் தனித்தனிப் பிரேக். வலது மிதியை மட்டும் மிதித்தால் வலப்பக்கச் சக்கரம் நிற்கும், வண்டி அந்தப் பக்கம் சுழலும். மலைக்குள் கொண்டை ஊசி வளைவுகளில் கொழுந்துப் பெட்டியோடு திரும்புவதற்கு அது கைகண்ட வழி. ஆனால் பெரிய ரோட்டில், வேகத்தில், ஒரு மிதியில் மட்டும் கால் பட்டால் வண்டி குறுக்கே போகும். பின்னால் வரும் பெட்டிக்குப் பிரேக்கே கிடையாது. அது முன்னால் போவதைத் தள்ளிக்கொண்டு வரும். ஆகவே ரோட்டில் ஏறுமுன் இரண்டு மிதிகளையும் ஒன்றாகப் பூட்ட வேண்டும். பூட்டும் கொண்டி எங்கள் டிராக்டரில் வாங்கும்போதே இல்லை. நிர்வாகத்திடம் கேட்டுக் கேட்டு அலுத்து, லிந்துலைப் பட்டறையில் பழைய லொறி வில் தகட்டைக் கொடுத்து அவரே ஒன்று செய்வித்தார். மகளின் நகச்சாயத்தை எடுத்து அதற்குப் பூசினார். இருட்டிலும் கண்ணில் படவேண்டுமாம்.

"டெக்டருக்கு மருதாணி போட்டாச்சா அண்ணே? கல்யாணம் எப்ப?" என்று பெண்கள் கேட்டார்கள்.

"மாப்பிள பாத்துக்கிட்டு இருக்கேன். ஒங்க வீட்டுக்காரன மாதிரி குடிக்காதவனா வேணும்."

எங்கள் தோட்டத்தில் மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று இரண்டு பிரிவுகள். இரண்டுக்கும் நடுவில் பெரிய ரோடு. மேலிருந்து வரும் தோட்டப் பாதை ரோட்டில் சேரும் இடத்தில், ஒரு மரத்தடியில் முனியாண்டிக் கல் இருக்கிறது. அண்ணன் அந்த இடத்தில் வண்டியை நிறுத்தாமல் ஒருநாளும் ரோட்டில் ஏறியதில்லை. முதலில் கல்லுக்கு ஒரு சூடம். அடுத்து கொண்டியைப் போடுவார், ஒரு முறை அழுத்திப் பார்ப்பார். பெட்டியின் பின்விளக்கைத் துடைப்பார். கொழுந்துச் சாக்கு விளக்கை மறைத்தால் சாக்கை மாற்றி அடுக்க வைப்பார். கடைசியாக, பெட்டியிலோ மட்கார்டிலோ வண்டிக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள இரும்பிலோ யார் ஏறியிருந்தாலும் இறக்கிவிடுவார். தோட்டத்துக்குள்ளேயே ஏற்றமாட்டார், என்றாலும் அவர் பார்க்காத நேரம் தொற்றிக்கொள்பவர்கள் உண்டு. ரோட்டில் போகும்போது இடப்பக்கம் ஒதுங்கியே போவார். பின்னால் பஸ் வந்தால் அகன்ற இடத்தில் ஒதுங்கி நின்று வழிவிடுவார். இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு உருளவிட்டு டீசல் மிச்சம் பிடிக்கும் கெட்டிக்காரர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "மிச்சம் புடிச்ச டீசல வச்சி பொணத்த எரிப்பானுங்க" என்பார்.

இந்த மனிதரைப் பெண்கள் வாழ்த்தினார்கள் என்று எழுதினால் அது பொய். வாய் ஓயாமல் திட்டினார்கள். மேல்கணக்கில் பறித்து முடித்துவிட்டுக் கீழ்கணக்குக்குப் போவதென்றால் ரோட்டோரமாக ஒரு மைலுக்கு மேல் நடக்க வேண்டும். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து கனக்கும், கூடை தலையில் இழுக்கும். பக்கத்தில் வெறும் பெட்டி உருண்டு போகும். எல்லோரையும்விட அதிகமாகத் திட்டியவள் ஒருத்தி இருந்தாள். வாயாடி, கொழுந்தில் வேகக்காரி, அவள் மகனும் என் காம்பிராவில்தான் இருந்தான்.

"ஏன் அண்ணே, நாங்க ஏறுனா ஒங்க டெக்டரு தேஞ்சி போயிருமா?"

"டெக்டரு தேயாது. நீ தேஞ்சிருவ."

"பெரிய கலெக்டரு இவரு! அவரு பெட்டியில தேயிலைதான் ஏறணுமாம், தேயில புடுங்குற நாங்க ஏறக்கூடாதாம்!"

"தேயில உருண்டா கூட்டி அள்ளலாம்டி. ஒன்னய எதால அள்ளுறது?"

அவள் சிரித்துக்கொண்டே அவரை நோக்கி மண்ணை வாரி எறிந்தாள். நான் கண்ணால் பார்த்தது இது.

ஆள் குறைந்த காலம் வந்தது. இளைஞர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, இருந்த பெண்களை வைத்து இரண்டு கணக்கையும் பறிக்க வேண்டியிருந்தது. தோட்டத்து உதவி முகாமையாளராகப் புதிதாக வந்த சின்னதுரை, நடந்து போவதில் நேரம் வீணாகிறது, பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்ததும் பெண்களைப் பெட்டியில் ஏற்றிக் கீழ்கணக்கில் இறக்கு என்று சொன்னார். எழுத்தில் ஒன்றும் கொடுக்கவில்லை. சொன்னார், அவ்வளவுதான். அண்ணன் முடியாது என்றார். இரண்டாம் நாளும் சொன்னார். இரண்டாம் நாளும் முடியாது என்றார். ஒரு டிரைவருக்கு இவ்வளவு திமிரா என்று விசாரணை வைத்தார்கள். வேலை போகும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தோட்ட அலுவலகத்தில் அந்த விசாரணை நடந்தபோது என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அதனால் நடந்தது எனக்கு வரிசையாக நினைவிருக்கிறது. சின்னதுரை சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுவார்.

"நீங்க டிரைவர் தானே. ஓட்டுறது தானே ஒங்க வேல?"

"ஓட்டுறேன் சேர். கொழுந்த ஏத்துங்க, ஒரத்த ஏத்துங்க, வெறக ஏத்துங்க. ஆள ஏத்தணும்னா பஸ்ஸு வாங்குங்க. சீட்டுக்கு துணி நானே தச்சிக் குடுக்குறேன்."

"எல்லா எஸ்டேட்லயும் ஏத்துறாங்க தானே?"

"எல்லா எஸ்டேட்லயும் சாவுறாங்க சேர்."

"பொலிஸ் புடிச்சா நாங்க பேசிக்கிறது."

அண்ணன் சட்டைப்பையிலிருந்து சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். "ரோட்டுல ஏறிட்டா நான் தோட்டத்து ஆள் இல்ல சேர், ரோட்டு ஆள். இதுல என் போட்டோதான் இருக்கு. ஒங்க போட்டோ இல்ல."

அதன் பிறகு பெண்களைக் கூப்பிட்டார்கள். "இந்த டிரைவர் உங்களை ஏற்றாமல் நடக்க விடுகிறாரா, இல்லையா?" என்பதுதான் கேள்வி. "ஆமா சேர், எறக்கி விட்டுர்றாரு" என்றார்கள். "கண்டபடி பேசுகிறாரா?" "பேசுவாருங்க." இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கேள்வியில்தான் கள்ளம் இருந்தது. வாயாடிக்கு மட்டும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். "ஆனா எங்களயும் பேச விடுவாரு சேர்" என்றாள். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. கடைசியாக என்னைக் கேட்டார்கள்: தாய்மார் பால் கொடுக்கப் பிந்தி வருகிறார்களா? வருகிறார்கள் என்றேன், அதுதான் உண்மை. தொடர்ந்து சொன்னேன்: "பிந்தி வரும் தாய்க்காகப் பிள்ளை அழும், வந்ததும் நிறுத்திவிடும். வராமலே போனவளுக்காக அழுகிற பிள்ளைக்கு நான் என்ன சொல்வது?" எழுதிக்கொண்டிருந்த கிளாக்கர் "வருகிறார்கள்" என்பதோடு பேனாவை மூடிவிட்டார். மிச்சத்தை நான் சொல்லி முடிக்கும் வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணனைக் கவ்வாத்துக்குப் போட்டார்கள். தேயிலைச் செடியை வெட்டித் தணிக்கும் அந்த வேலை இடுப்பை ஒடிக்கும், அவருடைய வயதுக்கு யாருக்கும் கொடுப்பதில்லை. மறுநாள் காலை பவுடர் போட்டு, தலை வாரி, கடிகாரம் கட்டி, கையில் கத்தியோடு காம்பிராவுக்குப் பேத்தியைக் கொண்டுவந்தார். பெண்கள் வாயைத் திறக்கவில்லை. "என்ன, சாவு வீடா இது? திட்டுங்கடி" என்றார். டிராக்டரின் கொண்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வரவில்லையா என்று நான் கேட்டேன், காசு போட்டுச் செய்வித்தது அவர்தானே. "என் சாமான் இல்ல டீச்சரம்மா, அது ரோட்டுச் சாமான். வண்டியிலதான் இருக்கணும்" என்றார்.

புது டிரைவர் இளைஞன், நல்ல பிள்ளை. அனுமதிப்பத்திரம் இருந்தது, அனுபவம் இல்லை. முனியாண்டிக் கல்லில் நிற்க நேரமில்லை என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். மலை வளைவில் திரும்பத் தொந்தரவாக இருக்கிறதென்று கொண்டியைக் கழற்றி இருக்கைக்கு அடியிலுள்ள ஆயுதப் பெட்டியில், சாவி சுத்தியலோடு போட்டுவிட்டான். ஒவ்வொரு தடவையும் ரோட்டில் ஏறுமுன் பூட்டி, மலைக்குள் நுழைந்ததும் அவிழ்ப்பதற்கு, நின்று நிதானிக்க வேண்டும். நிற்கக்கூடாது என்று சொல்லப்பட்ட ஒருவன் எதைப் பூட்டுவான்?

ஒரு மழை நாள் பகலில் அது நடந்தது. கல்லைத் தாண்டி ரோட்டு இறக்கத்தில் ஒரு வளைவு. எதிரே லொறி வந்தது, பையன் பிரேக்கை மிதித்தான், கால் ஒரு மிதியில்தான் விழுந்தது. டிராக்டர் குறுக்கே திரும்பி நின்றது. பெண்கள் நிறைந்த பெட்டி பின்னாலிருந்து தள்ளி, ரோட்டு விளிம்பைத் தாண்டித் தேயிலைக்குள் கவிழ்ந்தது. உயிர் போகவில்லை. அதைப் பெரிய அதிர்ஷ்டம் என்று பலர் என்னிடம் சொன்னார்கள். கை முறிந்தவர்கள், விலா நொறுங்கியவர்கள், இன்றைக்கும் நிமிர்ந்து படுக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். வாயாடியின் இடது கால் பெட்டியின் கீழே அகப்பட்டது. அன்று மாலை அவள் மகன் காம்பிராக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லாத் தாய்க்கும் வழி பார்த்து ஓய்ந்த பின்பு, என் சேலைத் தலைப்பை இழுத்து, "எங்கம்மாவுக்கு இன்னம் நிறுக்கலியா டீச்சர்?" என்று கேட்டான். விசாரணையில் மூடிய பேனாவைத்தான் நான் அப்போது நினைத்தேன்.

நிர்வாகம் என்ன சொன்னது தெரியுமா? பெட்டியில் ஆள் ஏற்றும்படி எவரும் உத்தரவிடவில்லை, பெண்கள் தாங்களாகவே ஏறினார்கள். விபத்து இடத்துக்கு வந்த பொலிஸ் சார்ஜன்ட் கவிழ்ந்த பெட்டியைக் காட்டி, "மினிஸ்ஸுத, படுத?" என்று கேட்டார். இதில் வந்தது மனிதர்களா, சாமான்களா என்று அர்த்தம். சாமான் பெட்டி என்றார் சின்னதுரை. ஒரே வார்த்தையில் அத்தனை பெண்களும் காணாமல் போனார்கள். காப்புறுதியும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டது: சாமான் பெட்டியில் ஆளுக்கு நட்ட ஈடு இல்லை. பத்திரிகையில் இரண்டு அங்குலச் செய்தி, "உழவு இயந்திரம் குடைசாய்ந்தது, சாரதி கைது." எங்கள் தோட்டத்தில் உழுவதற்கு ஒரு முழ நிலம் கிடையாது. சாரதி கைது என்பது மட்டும் சரி. அந்தப் பையன் நீதிமன்றத்தில் நின்றான், அனுமதிப்பத்திரத்தை இழந்தான், ஊரை விட்டுப் போனான். சின்னதுரைக்கு மாற்றல் வந்தது, இதைவிடப் பெரிய தோட்டத்துக்கு. வாயாடிக்கு இரக்கப்பட்டு இலகு வேலை கொடுத்தார்கள். அவள்தான் என் ஆயா. "பாருங்கள், தோட்டம் கைவிடவில்லை" என்று வருகிறவர்களுக்கு அவளைக் காட்டுவார்கள்.

டிராக்டரை நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு போய் ஷெட்டில் போட்டுப் படங்கால் மூடினார்கள். கொழுந்து ஏற்ற வாடகை லொறி வந்தது. அந்த மாதமே காம்பிராக் கதவின் தாழ்ப்பாள் உடைந்தது. ஆசாரி ஷெட்டில் தேடி, டிராக்டரின் இருக்கைக்கு அடியில் கிடந்த கொண்டியை எடுத்துக் கதவில் திருகாணி போட்டு முடுக்கிவிட்டார். அண்ணன் பேத்தியோடு வந்தவர், கதவைத் திறக்கக் கை வைத்தவுடன் நின்றுவிட்டார். சிவப்புச் சாயத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இங்கயா கெடக்கு இது?" என்றார். பிறகு, "கெடக்கட்டும். எதையாச்சும் பூட்டிக்கிட்டு இருந்தா சரி." அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். கவ்வாத்திலேயே ஓய்வு பெற்று, மகளோடு வத்தளைக்குப் போய், போன வருடம் அங்கேயே இறந்துபோனார். நீங்கள் சொன்னதுதான் சரி என்று தோட்டத்திலிருந்து ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் லொறி வாடகை கட்டுப்படியாகவில்லை என்று டிராக்டரை மறுபடி எடுத்தார்கள். சாயம் அடித்தார்கள், டயர் மாற்றினார்கள், மாலை போட்டுப் பூசையும் வைத்தார்கள். கொழுந்து மட்டும்தான் ஏற்றுவோம் என்று பெரட்டில் சொன்னார்கள். அந்தச் சொல் எத்தனை நாள் தாங்கியது என்பதைத்தான் பதினான்காம் திகதி பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

மாலையில் தாய்மார் பிள்ளைகளை எடுக்க வந்தபோது நான் கதவைத் திறக்காமல் நின்றே கேட்டேன். "யார் ஏறச் சொன்னது?"

"யாருஞ் சொல்லலீங்க டீச்சர். டெக்டர நிப்பாட்டி வச்சிக்கிட்டு, பின்னால ஏறுறவங்க ஏறலாம்னாங்க."

"ஏறாவிட்டால்?"

"நடந்து போய்ச் சேரங்காட்டியும் நேரம் போயிரும். நிறை கொறஞ்சா அரைப் பேருதான் போடுவாங்க. பெறகு முழுநாளும் நின்னதுக்குப் பாதிச் சம்பளம்." பால்போத்தல்காரிதான் சொன்னாள். என்னைப் பார்த்துக் கோபமாகவே சொன்னாள். "எங்களுக்கு மட்டும் ஆசையா டீச்சர்? ஒத்தக் கையில தொங்கிக்கிட்டு போறதுக்கு?"

கதவைத் திறந்து அவள் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தேன். கோபம் மட்டும் சரியான ஆளைத் தேடித் திசை மாறியது. ஏறு என்று சொல்லாமல் ஏற வைப்பது, விழுந்தால் நீயாக ஏறினாய் என்பது. ஆள் மாறினாலும் வித்தை மாறவில்லை. எல்லோரும் போன பிறகு ஆயா செயற்கைக் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் பார்த்ததை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுல கொண்டி போட்டுருக்காங்களா?" என்றாள்.

"இல்லை."

அவள் கதவைப் பார்த்தாள். "கழட்டுங்க டீச்சர். நாளக்கி கதவ நான் கயித்தால கட்டிக்கிறேன்."

மறுநாள், பதினைந்தாம் திகதி வெள்ளிக்கிழமை, நான் முதலில் செய்தது வானத்தைப் பார்த்ததல்ல, டயரி எழுதியதும் அல்ல. காம்பிராவுக்குப் போய், திருப்புளியால் திருகாணியைச் சுழற்றி, கதவிலிருந்து கொண்டியைக் கழற்றினேன். நேரே பெரட்டுக் களத்துக்கு நடந்தேன். டிராக்டர் அங்கே நின்றது. இப்போதைய டிரைவரிடம் கொண்டியைக் கொடுத்தேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதத்தான் டீச்சர் நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். புதுசு வரும் வரும்னாங்க" என்றான். குனிந்து மிதிகளில் மாட்டினான். டக் என்று விழுந்தது, அளவு கொஞ்சமும் தப்பவில்லை.

அதற்குள் தாய்மார் வரத் தொடங்கியிருந்தார்கள். கூடைகளோடு மட்டும் வரவில்லை, இடுப்பில் பிள்ளைகளோடு வந்தார்கள். காம்பிராக் கதவு கயிற்றால் கட்டியிருக்கிறது, டீச்சர் பெரட்டில் நிற்கிறார், பிள்ளையோடு அங்கேயே போங்கள் என்று ஆயா வாசலில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருத்தியையும் திருப்பி அனுப்பியிருக்கிறாள். நான் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் டிராக்டரைச் சுற்றிப் பெண்களும் கைக்குழந்தைகளுமாக நிறைந்துவிட்டது. ஒரு பிள்ளை மட்கார்டைத் தட்டியது. ஒன்று பசித்து அழுதது. பிள்ளையை வைத்துக்கொண்டு ஒருத்தியாலும் பெட்டியில் ஏற முடியாது. பால்போத்தல்காரி முன்னால் வந்து, தன் பிள்ளையைப் பெட்டியின் விளிம்பில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டாள். யாரையோ பார்க்க வைப்பது போல.

இப்போதிருக்கும் சின்னதுரை மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். பெண்களைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"என்ன இது டீச்சர்? காம்பிராவ ஏன் தொறக்கல்ல?"

"கதவுக்குக் கொண்டி இல்ல சேர்," என்றேன். "அது டெக்டர்ல இருக்கு. இவங்க நடந்து போற நேரத்தையும் வேல நேரமா போட்டு, முழுப் பேர் போடுவோம்னு இவங்க முன்னால சொல்லுங்க. நான் இப்பவே போய்க் கயித்த அவுக்குறேன்."